படகு வாங்கியது யார்?

பங்கு மார்க்கெட்டைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் இரண்டு ரகம். பணக்காரனாவதற்கு வழி சொல்லுகிற புத்தகங்கள் ஒரு ரகம். அப்படி வழி சொல்லுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற புத்தகங்கள் மற்றொரு ரகம். முதல் ரகம் ஆயிரக் கணக்கில் அச்சாகிறது. பத்து வருஷம் போனால் நடைபாதைக் கடையில் எடை போட்டு விற்கிறார்கள். இரண்டாவது ரகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய புத்தகங்களே உண்டு. ஆனால் அவற்றுக்கு ஆயுசு கெட்டி. 1688இல் எழுதிய ஒன்றையும் 1940இல் எழுதிய ஒன்றையும் சமீபத்தில் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டும் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. ஆனாலும் தெரிந்த மாதிரி நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் இருக்கிற மனிதனை விட்டால் நாவலாசிரியனுக்கு வேறு சரக்கு ஏது?

முதலில் 1940ஆம் வருஷத்துப் புத்தகத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘வாடிக்கைக்காரர்களின் படகுகள் எங்கே?’ என்பது அதன் பெயர். எழுதியவர் பிரெட் ஷ்வெட் என்ற அமெரிக்கர். நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட்டில் தொழில் பார்த்தவர். 1929ஆம் வருஷத்துச் சரிவில் அடிபட்டவர்களில் ஒருவர். இதற்கு முந்திய வருஷம் அவர் வெளியிட்ட புத்தகம் ஒரு சிறு பையனைப் பற்றியது. சிறு பையனைப் பற்றி எழுதிய கையோடு கோடீசுவரர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தார் என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. இரண்டு சாராரையும் அவர் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார். பீட்டர் ஆர்னோ என்ற பிரபல சித்திரக்காரர் படம் போட்டிருக்கிறார்.

புத்தகத்தின் பெயரே ஒரு பழைய ஹாஸ்யத் துணுக்கு. வெளியூர்க்காரர் ஒருவரை அழைத்துப் போய்த் துறைமுகத்தில் நிற்கும் உல்லாசப் படகுகளைக் காட்டுகிறார்கள். அதோ, அவை பாங்கர்களுடையவை. இதோ, இவை தரகர்களுடையவை. வந்தவர் சூதுவாது அறியாதவர். அப்படியானால் வாடிக்கைக்காரர்களின் படகுகள் எங்கே என்று கேட்கிறார். துணுக்கு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் முழுப் புத்தகமும் எழுதப்பட்டிருக்கிறது. வால் ஸ்ட்ரீட்டின் ஒரு கோடியில் மாதா கோவில் இடுகாடும் மறு கோடியில் ஆறும் இருப்பதாக அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. சூதாடித் தோற்றவனுக்கு இரண்டு வழி என்று அர்த்தம். ஷ்வெட் அதைச் சொல்லிவிட்டு, நடுவில் இருக்கிற பாலர் பள்ளியை விட்டுவிட்டார்களே என்று குறைப்படுகிறார். ஆரம்பத்திலேயே இப்படிச் சொன்ன பிறகு அந்த ஆசாமியை நம்பாமல் இருப்பது கஷ்டம்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கோபமின்மை. 1940இல் தரகர்களைத் திட்டிப் புத்தகம் எழுதியிருந்தால் ஜனங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார்கள். அமெரிக்காவின் முப்பது பெரிய கம்பெனிகளின் விலைகளைச் சேர்த்துப் போடும் டௌ ஜோன்ஸ் கணக்கு, 1929 செப்டம்பரில் 381 ஆக இருந்தது, 1932 ஜூலையில் 41க்கு வந்திருந்தது. பத்து ரூபாய் ஒரு ரூபாய் ஆன கதை. வில்லனைக் காட்டு, கைதட்டுகிறோம் என்று தேசமே காத்துக்கொண்டிருந்தது. ஷ்வெட் வில்லனைக் காட்ட மறுத்துவிட்டார். தரகர்களில் பெரும்பாலோர் மோசக்காரர்கள் அல்ல என்கிறார். நாளைய விலையைத் தங்களால் சொல்ல முடியும் என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்புகிறார்களாம். வாடிக்கைக்காரனும் நம்புகிறானாம். பொய் சொல்லுகிறவனை விட, பொய்யை நம்பிச் சொல்லுகிறவன் நூறு மடங்கு ஸ்வாரஸ்யமான பாத்திரம் என்பது கதை எழுதுகிற எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு அத்தாட்சி வேண்டுமானால் இர்விங் ஃபிஷரைப் பார்க்கலாம். யேல் சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர். அந்தக் காலத்தில் அந்தத் துறையில் அமெரிக்காவின் முதல் தரமான மூளை. விலைகள் உயர்ந்த ஒரு சமவெளியை அடைந்துவிட்டன, இனி அங்கேயே நிலைத்து நிற்கும் என்று 1929 அக்டோபரில் சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் எல்லாம் சரிந்து விழுந்தது. அவர் ஊரை ஏமாற்றினாரா? இல்லை. தம்முடைய பெருஞ்சொத்தையும் அதே நம்பிக்கையில் போட்டு வைத்திருந்து இழந்தார். கடைசியில் அவர் குடியிருந்த வீட்டைச் சர்வகலாசாலையே வாங்கிக்கொண்டு அவரை அதில் இருக்க விட்டது. இவரை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

புத்தகத்தின் சிகரம் என்று நான் சொல்லக்கூடியது ஒரு காசு சுண்டும் போட்டி. நாலு லட்சம் பேரை ஜோடி ஜோடியாக நிறுத்துகிறார் ஷ்வெட். எல்லோரும் காசைச் சுண்ட வேண்டியது. தோற்றவன் விலகிவிட வேண்டியது. முதல் சுற்றில் இரண்டு லட்சம் பேர் வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்ததில் ஒரு லட்சம். எனக்குக் கணக்கில் அவ்வளவு தேர்ச்சி இல்லை; என்றாலும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பதினைந்து சுற்று முடிந்தால் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். ஒரு தடவை கூடத் தோற்காதவர்கள். அவர்களிடம் யாராவது போய், ஐயா, இது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியுமா? பெருவிரலை மடக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது என்பார்கள். விடியற்காலையில் சுண்டினால் பலிதம் அதிகம் என்பார்கள். அவர்களுடைய ஜீவிய சரித்திரத்தை எழுத ஆட்கள் வருவார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன முதல் ரகப் புத்தகங்கள் அத்தனையும் இந்தப் பன்னிரண்டு பேர் எழுதியவை அல்லது இவர்களைப் பற்றி எழுதியவை. வீட்டுக்குப் போன மூன்று லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம் பேர் புத்தகம் எழுதுவதில்லை.

ஷ்வெட் வேடிக்கையாகச் சொன்னதைப் பிறகு வந்தவர்கள் நிஜமாகவே செய்து பார்த்தார்கள். உண்மையில் அவருக்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டார். ஆல்பிரட் கௌல்ஸ் என்ற பணக்காரர், மார்க்கெட் ஆரூடம் சொல்லும் பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டிப் படித்துக்கொண்டிருந்தவர், இவர்கள் சொன்னது எத்தனை பலித்தது என்று உட்கார்ந்து கணக்கெடுத்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்த ஆரூடங்களோடு ஒப்பிட்டார். 1933இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பு ஒரு கேள்வி: மார்க்கெட் ஜோசியர்களுக்கு ஜோசியம் தெரியுமா? பதில், சந்தேகந்தான் என்பது.

பர்ட்டன் மால்கீல் என்ற பேராசிரியர் 1973இல் ஒரு படி மேலே போனார். குரங்கின் கண்ணைக் கட்டி, பத்திரிகையின் விலைப் பக்கத்தில் அம்பு எறியச் சொன்னாலும் நிபுணர்கள் அளவுக்கு அது தேர்ந்தெடுக்கும் என்று எழுதினார். ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகை 1988இல் அந்தப் பந்தயத்தை நடத்தியே காட்டத் தொடங்கிற்று. குரங்குக்குப் பதிலாகப் பத்திரிகை ஆபீஸ் சிப்பந்திகள் அம்பு எறிந்தார்கள். 1998இல் நூறு போட்டிகள் முடிந்தபோது நிபுணர்கள் 61 தடவை ஜெயித்திருந்தார்கள். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் ஒன்றும் தேர்ந்தெடுக்காமல் டௌ ஜோன்ஸ் கணக்கின் போக்கிலேயே போகவிட்டிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதைவிட அதிகம் சம்பாதித்தது 51 தடவைதான். அதிலும் ஒரு சங்கதி உண்டு. இன்ன நிபுணர் இன்ன பங்கைச் சொல்கிறார் என்று பத்திரிகையில் வந்ததுமே ஜனங்கள் ஓடிப் போய் அதை வாங்கினார்கள், விலை ஏறிற்று. பலிப்பதற்கு ஆரூடமே காரணமாகிவிடுகிற இந்த விசித்திரத்தைக் கிரேக்க நாடகாசிரியர்கள் ரசித்திருப்பார்கள்.

லண்டனில் ‘அப்ஸர்வர்’ பத்திரிகை 2012இல் ஒரு பூனையைக் களத்தில் இறக்கியது. பூனையின் பெயர் ஆர்லாண்டோ. எண்கள் எழுதிய கட்டங்களின் மேல் அது பொம்மை எலியைத் தூக்கிப் போடும். எலி விழுந்த கட்டத்துக்குரிய பங்கை வாங்குவார்கள். எதிர்த்து நின்றவர்கள் தொழில் நிபுணர்கள் ஒரு கோஷ்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கோஷ்டி. ஆளுக்கு 5,000 பவுன். வருஷக் கடைசியில் பூனையிடம் 5,542 பவுன், நிபுணர்களிடம் 5,176. நம் ஊர்க் கிளி ஜோசியனை நினைத்துக்கொண்டேன். அவன் தொழிலில் ஒரு யோக்கியதை இருக்கிறது. சீட்டை எடுப்பது கிளிதான் என்பதை அவன் யாருக்கும் மறைப்பதில்லை.

இனி 1688க்குப் போகலாம். ஜோசப் டி லா வேகா ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த யூத வியாபாரி. ஸ்பானிஷ் பாஷையில் எழுதினார். பங்கு மார்க்கெட்டைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட முதல் புத்தகம் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பது இவருடையதுதான். ‘குழப்பங்களின் குழப்பம்’ என்று பெயர் வைத்தார். ஒரு தத்துவஞானி, ஒரு வர்த்தகர், ஒரு பங்குக்காரர் ஆகிய மூன்று பேர் பேசிக்கொள்ளும் நாலு சம்பாஷணைகள். பெயரிலேயே மார்க்கெட்டின் சுபாவத்தைச் சொல்லிவிட்டார் பாருங்கள்.

அவர்கள் பேசுகிற பங்கு, 1602இல் ஏற்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு. பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்ததும், 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் இதே கம்பெனிதான். சோழமண்டலக் கரையில் தறியில் நெய்த துணி அதன் முக்கியமான சரக்குகளில் ஒன்று. கப்பல் வருமா, வராதா, என்ன ஏற்றிக்கொண்டு வரும் என்று ஆம்ஸ்டர்டாமில் பந்தயம் கட்டினார்கள். தறியில் உட்கார்ந்திருந்தவனுக்கு இப்படி ஒரு பந்தயம் நடப்பதே தெரிந்திருக்காது. வேகாவின் புத்தகத்திலும் அவன் வருவதில்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் படிக்கும்போது அவன் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடிவதில்லை.

எழுத்து என்று பார்த்தால் வேகா சுமாரான ஆசிரியர்தான். ஒரு விஷயத்தைச் சொல்ல பைபிளிலிருந்து ஒன்று, கிரேக்க புராணத்திலிருந்து இரண்டு என்று உவமைகளை அள்ளிப் போட்டு மூச்சு முட்ட வைக்கிறார். நம் பழைய உபந்யாசகர்களில் சிலருக்கும் இந்த வியாதி உண்டு. ஆனால் அவர் மேற்கோள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணால் கண்டதை எழுதும் பக்கங்கள் இருக்கின்றனவே, அவை அற்புதம். ஒருவன் கையை நீட்டுகிறான், மற்றவன் அதில் அடிக்கிறான், பேரம் படிந்தது. மறுபடி ஒரு விலை, மறுபடி ஓர் அடி. அடித்து அடித்துக் கைகள் சிவந்து போகின்றன. கூச்சல், வசவு, தள்ளு முள்ளு. தத்துவஞானி மிரண்டு போகிறார். முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கை அடிக்கும் சத்தம் கேட்கிறது.

பங்கு வியாபாரத்துக்கு அவர் நாலு விதிகள் சொல்லுகிறார். முதல் விதி, யாருக்கும் வாங்கு என்றோ விற்றுவிடு என்றோ யோசனை சொல்லாதே என்பது. சரியாக ஊகிப்பதே மாந்திரீகத்தில் சேர்த்தி என்னும்போது யோசனை சொல்ல நீ யார் என்கிறார். தொழிலைப் பற்றிய முதல் புத்தகத்தின் முதல் விதியே இது. பிறகு வந்தவர்கள் வேறு எதைக் கடைப்பிடித்தார்களோ, இதைக் கடைப்பிடிக்கவில்லை.

பணத்தைத் தோற்றுவிட்டு அதை வைத்துச் சிரிக்க வைத்தவர்களும் உண்டு. மார்க் ட்வெயின் 1894இல் திவாலானார். அச்சுக் கோக்கும் யந்திரம் ஒன்றில் பணத்தைக் கொட்டியதும், அவருடைய பதிப்பகம் முழுகியதும் காரணம். பங்கு விளையாட்டுக்கு அக்டோபர் அபாயமான மாதம் என்று சொல்லிவிட்டு, மற்ற பதினோரு மாதங்களையும் அதே பட்டியலில் சேர்க்கும் அவருடைய பிரசித்தமான ஹாஸ்யம் அதே வருஷத்துப் புத்தகத்தில்தான் வருகிறது. கடனை அடைக்க உலகம் சுற்றிப் பிரசங்கம் செய்தார். 1896இல் இந்தியாவுக்கும் வந்தார். சினிமா விதூஷகர் கிரௌச்சோ மார்க்ஸ் 1929இல் சொத்தைப் பறிகொடுத்தவர். ஹோட்டல் லிப்ட் ஓட்டுகிறவன் காதில் விழுந்ததைச் சொன்னான் என்று பங்கு வாங்கிய கதையைத் தம் சுய சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். சிரிப்பு வருகிறது. ஆனால் ட்வெயினின் ஒற்றை வரிக்குப் பக்கத்தில் வைத்தால் கிரௌச்சோ கொஞ்சம் அதிகம் பேசுகிறார் என்பது என் அபிப்பிராயம்.

ஷ்வெட்டிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. புத்தகத்தில் ஓரிடத்தில் அவர் கையை விரிக்கிறார். சொந்தப் பணத்தில் ஒரு பெரும் பகுதியை இழப்பது எப்படி இருக்கும் என்பதை அனுபவிக்காதவனுக்கு என் எழுத்தாலும் விளக்க முடியாது, ஆர்னோவின் படத்தாலும் விளக்க முடியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அடிபட்டவர் சொல்லுகிறார், மரியாதையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எழுதுகிறவன் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அனுபவிக்காதவனுக்கு அனுபவிக்க வைப்பதற்கில்லையென்றால் கதை என்ற ஒன்று எதற்காக இருக்கிறது? சிரிப்பு இங்கே அவருக்குக் கேடயமாகிவிட்டது. எல்லோரையும் மன்னித்துவிட்ட புத்தகத்தில், மன்னிக்க வேண்டியவர்கள் யாருக்கு என்ன செய்தார்கள் என்ற பக்கம் வெறுமையாக இருக்கிறது. வாடிக்கைக்காரர்களின் படகு எங்கே என்று கேட்டவர், வாடிக்கைக்காரர் எங்கே என்று தேடிப் போகவில்லை.

தேடிப் போனவர் எமிலி ஸோலா. 1882இல் பாரிஸில் ஒரு பெரிய பாங்கு விழுந்தது. அதை மனத்தில் வைத்து, கதையை இருபது வருஷம் முன்னுக்குத் தள்ளி, ‘பணம்’ என்ற நாவலை 1891இல் வெளியிட்டார். நீளமான நாவல், மிகையான கட்டங்கள் உண்டு, நல்லவள் ஒருத்தி பக்கம் பக்கமாக யோசித்துக் களைப்பூட்டுகிறாள். பாங்கு முதலாளி ஸக்காரைப் பற்றி விமரிசகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். என் மனத்தில் நிற்பவன் தெஜ்வா. அந்தப் பாங்கின் ஆபீஸ் சேவகன் அவன். மகள் நதாலிக்குக் கல்யாணம் பேசியிருக்கிற இடத்தில் ஆறாயிரம் பிராங்க் சீதனம் எதிர்பார்க்கிறார்கள். கையில் இருக்கிற நாலாயிரத்தைப் பங்கில் போடுகிறான். விலை ஏறுகிறது. ஆறாயிரம் ஆகிறது. அன்றைக்கு அவன் விற்றிருந்தால் கதை சுபம். ஆனால் ஆறாயிரம் கையில் வந்த அன்றைக்கு அது போதாத தொகையாகத் தெரிகிறது. தன் வயோதிகத்துக்கும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று நினைக்கிறான். அப்புறம் இன்னும் கொஞ்சம். வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கி, அதில் ஜெயிப்பதைக்கூட மீன் விழுங்கிய தூண்டில் இரும்போடு ஒப்பிட்டிருப்பது இவனுக்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது. பாங்கு விழுகிறது. சேமிப்புப் போகிறது; கல்யாணம் நின்றுபோகிறது; பெண் வீட்டை விட்டே போய்விடுகிறாள். நான் பங்கு வாங்கித் தோற்றவன் அல்ல. ஆனால் தெஜ்வா ஆறாயிரத்தைத் தொட்ட இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ‘விற்றுத் தொலையேன்’ என்று வாய்விட்டுச் சொன்னேன். ஷ்வெட் முடியாது என்று சொன்ன காரியம் அந்தப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

தெஜ்வாக்கள் பழைய பாரிஸோடு தீர்ந்துவிடவில்லை. நம் நாட்டில் செபி என்கிற மார்க்கெட் கண்காணிப்பு வாரியம் 2024இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று வருஷங்களில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற பந்தய பேரத்தில் இறங்கிய தனி மனிதர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து இழந்தது 1,80,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆப்ஷன் புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். வேகாவின் பங்குக்காரர் அதைத் தத்துவஞானிக்கு விளக்கிச் சொல்லுகிறார். முழுப் பங்கு வாங்க வக்கில்லாதவர்களுக்காக, பத்தில் ஒரு பங்கு மதிப்பில் கற்பனைப் பங்குகளை அந்தக் காலத்திலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். சிறிய மனிதர்களை உள்ளே கொண்டுவரச் சிறிய கதவு எப்போதும் இருந்திருக்கிறது. இன்றைக்கு அந்தக் கதவு சட்டைப் பைக்குள் அடங்குகிற டெலிபோனில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஷ்வெட்டைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் படியுங்கள். காசு சுண்டும் போட்டி ஒன்றுக்காகவே படிக்கலாம். வேகாவை இடையிடையே தாண்டிப் படிக்கலாம்; தாண்டுவதற்கு அவரே நிறைய இடம் விட்டிருக்கிறார். ஸோலாவில் தெஜ்வா வருகிற பக்கங்களை மட்டும் தாண்டாதீர்கள்.

ஷ்வெட்டின் புத்தகம் 1955இல் மறுபடி அச்சாயிற்று. மார்க்கெட் திரும்பவும் சூடு பிடித்திருந்த சமயம். 1929 செப்டம்பரில் இருந்த அந்த 381ஐ விலைகள் திரும்ப எட்டியது அதற்கு முந்திய வருஷம் நவம்பரில்தான். இடையில் இருபத்தைந்து வருஷம். 1929இல் மகளின் கல்யாணத்துக்கென்று பங்கில் போட்டு வைத்த நியூயார்க் தெஜ்வா ஒருவன், போட்ட விலை திரும்பி வரட்டும் என்று பிடிவாதமாகக் காத்திருந்தால், அது வந்த அன்றைக்கு அவன் பேத்திக்கே கல்யாண வயது ஆகியிருக்கும்.